பட்டாளத்தை இடையில் விடுவது: எந்த வருடத்தில் விட்டால் எது போகும்

லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கும்போது பல ஜவான்களின் மனதில் ஓடும் கேள்வி, "பேப்பர் போட்டுவிடலாமா?" என்பதுதான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, குழந்தை வளர்வதை போனில்தான் பார்க்க முடிகிறது, வங்கித் தேர்வில் பாஸாகியாயிற்று, அல்லது அந்த வாழ்க்கையே ஒத்துவரவில்லை. காரணம் எதுவானாலும் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும்?

அந்தக் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்திய ராணுவத்தில் ஒரு ஜவான் இடையில் வெளியேறும்போது, கையிலிருந்து போவதைவிட வர வேண்டியது வராமல் போவதுதான் பெரிய செலவு. அந்தச் செலவு மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதும் இல்லை. சில இடங்களில் கோடு கிழித்தாற்போல் நிற்கிறது. கோட்டுக்குச் சில மாதம் முன்னால் வந்தவருக்கு ஒருமுறைப் பணத்தோடு உறவு முடிந்தது. சில மாதம் கழித்து வந்தவருக்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியம். ஆகவே, விடலாமா வேண்டாமா என்பதைவிட, இப்போது எந்தக் கோட்டுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். வெளியே ஒரு கம்பெனியில் செய்வதுபோல ராஜினாமா எழுதிக் கொடுத்து, நோட்டீஸ் காலம் முடிந்ததும் கிளம்ப முடியாது. 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 13-ஆவது விதி, ஒப்புக்கொண்ட காலம் முடியும் முன் சொந்த விருப்பத்தில் டிஸ்சார்ஜ், அதாவது படையிலிருந்து விடுவிப்பு, கேட்க வழி வைத்திருக்கிறது. ஆனால் அது கேட்கும் வழி மட்டும்தான். காரணம் நியாயமானது, ஆள் பலமும் அதிகம் குறையாது என்று கமாண்டிங் ஆபீசருக்குத் தோன்றினால்தான் அனுமதி. விமானப்படையில் இருந்துகொண்டு வங்கி வேலைக்குப் போன ஒருவரின் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: படையில் சேர்ந்தவருக்கு நினைத்த நேரத்தில் விட்டுப் போகும் தடையற்ற உரிமை கிடையாது. கையில் வேறு வேலைக்கான ஆர்டர் இருக்கிறது என்பது மட்டும் போதாது.

சரி, வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எல்லாவற்றிலும் மோசமானதில் தொடங்குகிறேன். அதில்தான் இளைஞர்கள் அறியாமல் விழுகிறார்கள்.

லீவில் வந்து திரும்பாமல் இருந்துவிடுவது

சிலர் இதை ஒரு வழியாகவே நினைக்கிறார்கள். "போகாமல் இருந்தால் கொஞ்ச நாளில் அவர்களே பெயரை எடுத்துவிடுவார்கள்" என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். நடப்பது அப்படி அல்ல. அனுமதியின்றி 30 நாள் வராமல் இருந்தால், 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 106-ஆவது பிரிவின்படி விசாரணைக் குழு கூடி அதைப் பதிவு செய்யும். உள்ளூர் அதிகாரிகளுக்குத் தகவல் போகும். போலீஸ் வீட்டுக் கதவைத் தட்டும். 38-ஆவது பிரிவின் கீழ், படையை விட்டு ஓடிய குற்றத்துக்குச் சாதாரணச் சூழலில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. போர்ப்பணியில் இருக்கும்போதோ, அதற்கான உத்தரவு வந்த பிறகோ ஓடினால் மரண தண்டனை வரை சட்டத்தில் இடம் இருக்கிறது. அத்தனை வருடச் சேவையில் சேர்த்தது போகும்; நடவடிக்கை முடியும்வரை வேறு அரசு வேலைக்கும் போக முடியாது, பாஸ்போர்ட், போலீஸ் சரிபார்ப்பு என்று எங்கே போனாலும் இது முன்னால் வந்து நிற்கும்.

இப்போதே லீவு தாண்டி வீட்டில் உட்கார்ந்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், இன்றே யூனிட்டுக்குப் போன் செய்து பேசுங்கள், கிளம்புங்கள். தானாகத் திரும்பி வந்தவருக்கு, விடுப்பின்றி வராமல் இருந்ததற்கான 39-ஆவது பிரிவோடு விஷயம் முடிய வாய்ப்பு உண்டு. பிடித்து வரப்பட்டவரின் நிலைமை வேறு. வீட்டுப் பெரியவர்கள் பிள்ளையை ஒளித்து வைப்பது பாசத்தில்தான். ஆனால் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் அவன் தலையில்தான் ஏறுகிறது.

அக்னிவீரருக்குக் கணக்கு வேறு

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சியையும் சேர்த்து நான்கு வருடம். சொந்த விருப்பத்தில் இடையில் போவது விதிவிலக்காக மட்டுமே, தகுதியான அதிகாரியின் அனுமதியோடு நடக்கும். அப்படி அனுமதி கிடைத்துப் போனால் பணம் என்ன ஆகும் என்பதுதான் பலருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

மாதத் தொகுப்புச் சம்பளம் முதல் வருடம் 30,000 ரூபாய், இரண்டாம் வருடம் 33,000, மூன்றாம் வருடம் 36,500, நான்காம் வருடம் 40,000. இதில் 30 சதவீதம் சேவா நிதிக்கு, அதாவது நான்கு வருடம் முடிந்ததும் மொத்தமாகக் கொடுக்கும் தொகைக்கு, பிடிக்கப்படுகிறது. அதாவது மாதம் 9,000, 9,900, 10,950, 12,000 என்று வருடத்துக்கு வருடம் ஏறும். நான்கு வருடத்தில் உங்கள் பங்கு 5 லட்சத்து 2 ஆயிரத்துச் சொச்சம். அரசும் அதே அளவு போடுகிறது. இரண்டும் சேர்ந்து 10.04 லட்சம், வட்டியோடு ஏறக்குறைய 11.71 லட்சம் என்று அரசு சொல்கிறது. இதற்கு வருமான வரி இல்லை.

சொந்த விருப்பத்தில் இடையில் போனால், அதுவரை உங்கள் சம்பளத்தில் பிடித்ததும் அதற்கான வட்டியும் மட்டும் கைக்கு வரும். அரசின் பங்கு முழுதாகப் போய்விடும். போன மாதங்களுக்கு ஏற்ற விகிதத்தில்கூட அது கிடைக்காது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். மூன்று வருடம் முடிந்ததும் போகிறவருக்கு வட்டி நீங்கலாக 3,58,200 ரூபாய் வரும். அதே ஆள் இன்னும் ஒரு வருடம் இருந்தால், அந்த வருடச் சம்பளமாகக் கைக்கு 3,36,000, கடைசியில் சேவா நிதி 10,04,400. வித்தியாசம் 9,82,200 ரூபாய். அந்தக் கடைசி ஒரு வருடத்தின் ஒவ்வொரு மாதமும் 80 ஆயிரத்துக்கும் மேல் பெறும். வெளியே இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் அந்தச் சம்பளத்துக்கு வேலை கையில் இருந்தால் ஒழிய, மூன்று வருடம் தாண்டியவர் விடுவதற்குப் பணக் கணக்கில் நியாயமே இல்லை.

ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனவரின் நிலை அப்படி அல்ல. இழப்பது கம்மி, எதிரே மூன்று வருடத்துக்கு மேல் இருக்கிறது. மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, அல்லது இந்த வேலை தனக்கானதே இல்லை என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது என்றால், அவர் அனுமதி கேட்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். விதிவிலக்காகத்தான் விடுவார்கள் என்பதால், கேட்டதும் கிடைத்துவிடும் என்று கல்லூரியில் பணம் கட்டிவிட வேண்டாம்.

இன்னும் சில விஷயங்கள் நான்கு வருடத்தை முடிப்பதோடு கட்டப்பட்டிருக்கின்றன. 25 சதவீதம் வரை நிரந்தரச் சேவைக்கு எடுத்துக்கொள்வது முடித்தவர்களிலிருந்துதான். மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 2022-இல் அறிவித்த 10 சதவீத ஒதுக்கீடும், மூன்று வருட வயதுத் தளர்வும் (முதல் தொகுதிக்கு ஐந்து) முடித்து வருகிறவர்களை நினைத்து வைத்தவை. முதல் தொகுதி 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனது. அவர்கள் இப்போது விடுவது, கரைக்கு வந்த பிறகு படகிலிருந்து குதிப்பது.

ஆனால் நான்கு வருடம் முடித்து வெளியே வந்தாலும் அக்னிவீரருக்கு ஓய்வூதியம், பணிக்கொடை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி, முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவ வசதி, கேன்டீன் எதுவும் கிடையாது. பழைய முறையில் சேர்ந்த அண்ணன்மார் சொல்லும் அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

பழைய முறையில் சேர்ந்த ஜவான்: 15 என்ற கோடு

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அக்னிபத்துக்கு முன் சேர்ந்து இப்போது பத்து, பன்னிரண்டு வருடச் சேவையில் இருப்பவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, வெளி வேலைக்கான வயது வரம்பு நெருக்குகிறது, வீட்டுப் பொறுப்பும் கூடியிருக்கிறது.

அதிகாரி அல்லாத வீரருக்குச் சேவை ஓய்வூதியம் கிடைக்க, தகுதியான சேவைக்காலம் 15 வருடம் வேண்டும். அதற்கு முன் சொந்த விருப்பத்தில் போனால் பணிக்கொடை என்ற ஒருமுறைத் தொகை, உங்கள் வருங்கால வைப்பு நிதிச் சேமிப்பு, மிச்சம் வைத்திருந்த லீவுக்கான பணம், அவ்வளவுதான்.

ஓய்வூதியம் எவ்வளவு பெறும் என்று ஓர் உதாரணம் பார்ப்போம். கடைசியில் அடிப்படைச் சம்பளம் 35,000, அதோடு ராணுவச் சேவைச் சம்பளம் 5,200, மொத்தம் 40,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி, மாதம் 20,100 ரூபாய் ஓய்வூதியம். அகவிலை நிவாரணம் தனி. நிவாரணத்தைச் சேர்க்காமலே பத்து வருடத்தில் 24 லட்சத்துக்கு மேல். பத்தொன்பது வயதில் சேர்ந்தவருக்கு இது முப்பத்துநான்கு வயதில் தொடங்கிவிடும். அவர் காலத்துக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியமும் உண்டு. பதினான்கு வருடத்தில் வந்தவர் வாங்கும் பணிக்கொடையை இதன் பக்கத்தில் வைத்தால், சில வருடங்களிலேயே அது பின்தங்கிவிடும்.

பணத்தைவிடவும் நான் அதிகம் கவலைப்படுவது இன்னொன்றைப் பற்றி. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று பதிவாகும் அந்த வரி, ஓய்வூதியம் இல்லாமல் வந்தவருக்குப் பெரிய கதவு ஒன்றை மூடுகிறது. மத்திய அரசின் வரையறைப்படி ஓய்வூதியம் பெற்றுப் போனவர், தன் விருப்பத்தில் போயிருந்தாலும், முன்னாள் படைவீரர்தான். ஒப்புக்கொண்ட காலத்தை முடித்துப் பணிக்கொடையோடு போனவரும் அப்படியே. ஓய்வூதியத்துக்கு முன் தன் விருப்பத்தில் போனவர் அதில் வரமாட்டார். பதினான்கு வருடம் எல்லையில் நின்றவராக இருந்தாலும் சட்டப்படி முன்னாள் படைவீரர் இல்லை. மத்திய அரசின் குரூப் சி வேலைகளில் 10 சதவீதமும், பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் நிலையில் 14.5 சதவீதமும் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். சேவை செய்த வருடங்களோடு மேலும் மூன்றை வயதிலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகையும் உண்டு. இவை எல்லாம் அந்த ஒரு வரியில் கைவிட்டுப் போகின்றன. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் உதவிகளும், குடும்பத்துக்கான இ.சி.எச்.எஸ். சிகிச்சையும் அதே கதைதான். வயதான பெற்றோரை வைத்திருப்பவருக்கு அந்த மருத்துவ வசதி மட்டுமே எத்தனை பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் முடிவு இது: பன்னிரண்டு வருடத்தைத் தாண்டியவர், எப்பாடுபட்டாவது 15-ஐத் தொட்டுவிட்டு வர வேண்டும். எட்டு, ஒன்பதில் இருப்பவர் உண்மையிலேயே யோசிக்க வேண்டியவர். நல்ல அரசு வேலை உறுதியாகக் கையில் இருந்தால் போகலாம். அப்போதும் ஒன்றை எடைபோட்டுப் பாருங்கள்: படையில் பழைய ஓய்வூதிய முறை தொடர்கிறது, 2004 ஜனவரி 1 முதல் மத்திய சிவில் வேலையில் சேர்ந்தவர்களுக்குச் சம்பளத்திலிருந்து பங்கு போடும் முறை. சம்பளச் சீட்டில் இரண்டு வேலையும் ஒரே அளவு தெரிந்தாலும், அறுபது வயதுக்குப் பிறகு ஒரே அளவாக இருக்காது. ஐந்து வருடத்துக்குள் இருப்பவருக்கு எதிரே பத்து வருடத்துக்கு மேல் கிடக்கிறது. அவர் தன் வயதையும் படிப்பையும் பார்த்து முடிவு செய்யட்டும். கடைசிக் கோட்டைக் காட்டி அவரைப் பிடித்து வைப்பது சரியல்ல.

15 முடிந்த உடனே வருவதா, முழுக் காலமும் இருந்து வருவதா என்ற கேள்வி இதற்குப் பின் வரும். இங்கே இழப்பு சிறியது, ஆனால் உண்டு. ஒரே பதவியில் ஒரே அளவு காலம் சேவை செய்தவர்களுக்கு, எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே ஓய்வூதியம் என்று 2015 நவம்பர் 7 அன்று வந்த "ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்" உத்தரவு, அதற்குப் பிறகு சொந்த விருப்பத்தில் போகிறவர்களுக்கு அந்தப் பலன் இல்லை என்றது. இதை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். இதன் பொருள், இன்று உங்களுக்கும் முழுக் காலம் முடித்த நண்பருக்கும் ஓய்வூதியத்தில் சின்ன வித்தியாசம்தான் இருந்தாலும், ஒவ்வொரு மறுநிர்ணயத்தின்போதும் அது பெரிதாகலாம். அடுத்த பதவி உயர்வு ஒரு வருடத்தில் வரும் நிலை என்றால் காத்திருப்பது நல்லது. கடைசிச் சம்பளத்தில்தான் ஓய்வூதியமே நிற்கிறது. பதவி உயர்வு கண்ணுக்கெட்டவில்லை, வெளியே வேலை தயாராக இருக்கிறது என்றால், 15-க்குப் பின் வருவதில் நான் தயங்க மாட்டேன். ஓய்வூதியமும் புதுச் சம்பளமும் சேர்ந்து அந்த வித்தியாசத்தை நிரப்பிவிடும்.

உடம்போ மனமோ காரணமாக இருந்தால்

முதுகுவலியோடு, காது கேளாமையோடு, தூக்கம் இல்லாமல், மனச்சோர்வோடு இழுத்துக்கொண்டிருப்பவர்கள் "தொல்லை போதும்" என்று சொந்த விருப்பத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உடல்நிலையால் சேவைக்குத் தகுதியில்லை என்று மருத்துவக் குழு முடிவு செய்து அனுப்புவது வேறு பாதை. நோய் சேவையால் வந்தது அல்லது சேவையால் கூடியது என்று ஏற்கப்பட்டு அதனால் அனுப்பப்பட்டால், இயலாமை ஓய்வூதியத்துக்குக் குறைந்தபட்ச சேவைக்காலம் கேட்பதில்லை. சேவையோடு தொடர்பில்லாத நோய்க்கும் இன்வாலிட் ஓய்வூதியம் உண்டு. அதற்கு முன்பு பத்து வருடம் கேட்டார்கள். 2020-இல் வந்த உத்தரவு, வெளி வேலையும் செய்ய முடியாத அளவு நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டவருக்குப் பத்து வருடத்துக்குக் குறைவாக இருந்தாலும் கொடுக்க வழி செய்தது.

எனவே முதலில் யூனிட்டின் சிகிச்சை அறையான எம்.ஐ. ரூமில் சொல்லுங்கள், ராணுவ மருத்துவமனைக்குப் பரிந்துரை கேளுங்கள், ஒவ்வொரு சீட்டையும் பத்திரமாக வையுங்கள். மனநிலை சம்பந்தப்பட்டதைச் சொல்ல வெட்கப்படுபவர்கள் அதிகம். அதுவும் மருத்துவக் குழு பார்க்கும் நோய்தான்.

வீட்டுக் காரணம் என்றால், விடுவதற்கு முன்

அப்பாவின் சிகிச்சை, மனைவியின் பிரசவம், நில வழக்கு. இவை பெரும்பாலும் சில மாதமோ இரண்டு வருடமோ நீடிக்கும் பிரச்சினைகள். அவற்றுக்காக வாழ்நாள் வருமானத்தை விடுவது எனக்குச் சம்மதமில்லை. ஜவானுக்கு வருடத்தில் 60 நாள் வருடாந்திர லீவும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு. அதைத் தாண்டி, கருணை அடிப்படையில் வீட்டுக்குப் பக்கத்தில் போஸ்டிங் கேட்கலாம். நிலைமை உண்மையா என்று மாவட்ட அதிகாரிகள் வழியாகச் சரிபார்ப்பார்கள் என்பதால் மருத்துவச் சான்று, ரேஷன் கார்டு, வேறு ஆண் துணை இல்லை என்பதற்கான சான்று எல்லாவற்றையும் ஊரில் இருக்கும்போதே தயார் செய்யுங்கள். இதைக் கேட்டுப் பார்த்து மறுக்கப்பட்ட பிறகு டிஸ்சார்ஜ் கேட்டால், உங்கள் விண்ணப்பத்துக்கும் கனம் கூடும்.

அதிகாரிகளைப் பற்றிச் சுருக்கமாக. அவர்களுக்கு ஓய்வூதியக் கோடு 20 வருடம். குறுகிய காலச் சேவையில் வந்தவர்களுக்குப் பத்து வருடம், விரும்பினால் மேலும் நான்கு. அந்த நீட்டிப்புக் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா செய்யலாம், ஓய்வூதியம் மட்டும் கிடையாது. கையிலிருந்து பணம் கட்டும் நிலை உண்மையில் வருவது அதிகாரிப் பயிற்சி தரும் அகாடமியில்தான். தக்க காரணமின்றிப் பயிற்சியை இடையில் விடும் கேடட்டிடம், இருந்த வாரங்களைக் கணக்கிட்டுப் பயிற்சிச் செலவை வசூலிப்பார்கள். அதற்குத்தான் சேரும்போதே பெற்றோரிடம் பத்திரம் எழுதி வாங்குகிறார்கள். முதல் சில வாரங்களில் விடுவதற்கும் ஒரு வருடம் கழித்து விடுவதற்கும் உள்ள வித்தியாசம் லட்சங்களில் வரும். விடுவதென்றால் சீக்கிரம் விடுங்கள்.

பேப்பர் போடத்தான் வேண்டும் என்று முடிவானால், சேர்ந்த தேதியை வைத்து நீங்களே 15 என்று எண்ணிவிடாதீர்கள். லீவு தாண்டிய நாட்கள், தண்டனையில் இருந்த நாட்கள் போன்றவை தகுதியான சேவையில் சேராது. நாட்காட்டியில் 15 முடிந்திருந்தும் கணக்கில் சில நாள் குறைந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். சேவைப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸிலிருந்து உங்கள் தகுதியான சேவைக்காலத்தை எழுத்தில் வாங்குங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் தேதியைக் கோட்டை ஒட்டிப் போடாமல் இரண்டு மூன்று மாதம் தள்ளியே கேளுங்கள். வெளி வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே யூனிட்டில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஆர்டர் வந்துவிட்டது, டிஸ்சார்ஜ் இன்னும் வரவில்லை என்றால் புது அலுவலகத்துக்கு எழுதிச் சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் கைக்கு வராமல் அங்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம்.